வலி அப்புறம்தான் வரும்: ஆர்க் வெல்டிங் பழகுபவர்களுக்குச் சில அடிப்படைகள்

வெல்டிங் ராடின் நுனியை இரும்பில் உரசி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் அந்த இடைவெளியில் மின்சாரம் காற்றின் வழியாகவே பாயத் தொடங்குகிறது. அந்தப் பாய்ச்சல்தான் ஆர்க். அதன் வெப்பம் சுமார் 6000 டிகிரி செல்சியஸ். இரும்பு உருக 1500 டிகிரி போதும். அதனால் ராடின் நுனியும் அடியிலுள்ள இரும்பும் நொடியில் இளகி ஒன்றாகிவிடுகின்றன. இத்தனை வெப்பமும் விரல் நுனி அளவு இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் வெளிச்சம், புகை, பொறி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

புதிதாகப் பழக வருபவர்கள் பயப்படுவது பெரும்பாலும் பொறிக்குத்தான். தோலில் படும் பொறியால் பெரிய ஆபத்து இல்லை. பட்டவுடன் சுடும், கையை இழுத்துக்கொள்வோம், ஒரு கொப்புளத்தோடு முடிந்துவிடும். உண்மையான சேதத்தைச் செய்பவை சத்தம் போடாமல் வேலை செய்கின்றன. கண்ணைச் சுட்ட கதிர் பல மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். மூச்சில் போன துத்தநாகப் புகை இரவில் காய்ச்சலாக வரும். இடுக்கில் விழுந்த பொறி, ஆட்கள் கிளம்பிப் போன பிறகு எரிய ஆரம்பிக்கும். மின்சாரமோ பல நாள் லேசாகச் சுருக்கென்று குத்திவிட்டு, உடம்பெல்லாம் வியர்த்திருக்கும் ஒரு நாளில் ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ‘இத்தனை நாள் இப்படித்தான் செய்றேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்பது இந்த வேலையில் எதற்கும் சாட்சி ஆகாது. உடம்பு அறிவிப்பதற்குள் காரியம் நடந்து முடிந்திருக்கும்.

கண்ணிலிருந்து தொடங்கலாம்.

ஆர்க் வெளிச்சத்தில் நாம் பார்க்கும் பளீர் ஒளி ஒரு பகுதி மட்டுமே. கூடவே கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் வருகின்றன. புற ஊதாக் கதிர் கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழிப் படலத்தின் மேல் அடுக்கைச் சுடுகிறது. வெயிலில் தோல் கருகுவதும் இதுவும் ஒரே வகைக் காயம். சுடும்போது எதுவும் தெரியாது. வேலை முடிந்து போய்ப் படுத்த பிறகு, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் மணலை வாரிக் கொட்டியது போல உறுத்தும். கண்ணைத் திறக்க முடியாது, மூடவும் முடியாது. தண்ணீராகக் கொட்டும். சிறு வெளிச்சம்கூடக் குத்தும்.

இது யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். கறுப்புக் கண்ணாடி பதித்த முகத் தடுப்பான ஷீல்டைப் பிடித்து, இரும்பை இணைக்கும் நீளமான தையலைப் போடும் நேரத்தில் கண் பத்திரமாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வது டேக் வைக்கும்போதுதான், அதாவது சட்டம் நகராமலிருக்க முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டும்போது. சட்டத்தை ஒரு கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ராடைக் கவ்விய ஹோல்டர் இருப்பதால் ஷீல்டுக்குக் கை இல்லாமல், முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டு ‘சட்’டென்று ஒரு புள்ளி வைப்பார்கள். ராடு தொட்டு ஆர்க் கிளம்புவது முந்தியா, கண் மூடுவது முந்தியா என்றால் ஒவ்வொரு முறையும் ஆர்க்தான் முந்துகிறது. ஒரு டேக்கில் உள்ளே போவது துளிதான். ஆனால் ஒரே நாளில் வைக்கும் டேக் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இதற்குச் சரியான வழி, தலையில் மாட்டும் ஹெல்மெட். கையில் பிடிக்கும் ஷீல்டைவிட அதுதான் முதலில் வாங்க வேண்டிய பொருள். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் இறங்கிக்கொள்ளும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

அடுத்து மாட்டிக்கொள்பவர் பக்கத்தில் நிற்பவர். சட்டத்தைப் பிடித்துக் கொடுக்கும் உதவியாளர், எதிர் மேசையில் கிரைண்டிங் செய்பவர், வேடிக்கை பார்க்கும் சிறுவன். ராடு பிடிப்பவருக்கு ஷீல்டு இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. அதனால் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி வெல்டிங்குக்கென்றே வரும் தடுப்புத் திரையோ தகரத் தடுப்போ வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆர்க் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் சத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும். உதவியாளருக்கும் ஒரு ஹெல்மெட் வேண்டும் என்பதை நான் பேரத்துக்கே விடமாட்டேன். அவருக்குப் போய்ச் சேரும் கதிரில் தூரம் காரணமாகக் குறைவது கொஞ்சம்தான். பின்னால் வெள்ளைச் சுவரோ பளபளப்பான தகடோ இருந்தால் கதிர் அதில் பட்டு ஹெல்மெட்டின் பின்புறம் வழியாக உங்கள் கண்ணுக்கே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கண்ணாடிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட இருட்டு கூடும். 3.15 மில்லிமீட்டர் ராடை 100 ஆம்பியர் அளவில் ஓட்டுகிறீர்கள் என்றால் 10ஆம் எண் பொருத்தம். 150 ஆம்பியரைத் தாண்டினால் 11 அல்லது 12. முதலில் இருட்டான கண்ணாடியில் தொடங்கி, உருகிய இரும்புக் குட்டை தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொரு எண்ணாக இறங்கி வருவது நல்ல முறை. வெளிச்சமான எண்ணில் தொடங்கி ஏறக்கூடாது. கேஸ் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கண்ணாடி வழக்கமாக 5ஆம் எண்தான், ஆர்க்குக்கு அது பற்றாது. வெயில் கண்ணாடி இந்தக் கணக்கிலேயே வராது.

தானே இருட்டாகும் ஹெல்மெட் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். இருட்டாவதற்குள் கண்ணில் பட்டுவிடாதா? நல்ல ஹெல்மெட் ஒரு நொடியின் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இருட்டாகிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி அதில் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. கண்ணாடி வெளிறி இருக்கும்போதும், பேட்டரி தீர்ந்தபோதும்கூட அது தடுக்கும். மாறுவது பார்க்கும் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கண் போல இருக்கும் சென்சாரை உங்கள் கையோ எதிரே உள்ள பைப்போ மறைத்தால் ஹெல்மெட்டுக்கு ஆர்க் தெரியாது. இரண்டாவது, பல ஹெல்மெட்டில் கிரைண்டிங் செய்வதற்கென்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் இருட்டாகாது. கிரைண்டிங் முடித்துவிட்டு அதைத் திருப்ப மறந்து ராடை எடுப்பவர்கள் ஏராளம். ஹெல்மெட்டை இறக்கும் முன் அந்தத் திருகை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கண் சுட்டுவிட்டால் என்ன செய்வது? கண்ணைக் கசக்கக் கூடாது. இருட்டறையில் கண்ணை மூடி, குளிர்ந்த ஈரத்துணியை மேலே போட்டுப் படுத்திருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் படலம் தானே ஆறிவிடும். யாராவது எதையாவது கண்ணில் பிழியச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுட்ட படலத்தில் சுத்தமில்லாத எதை விட்டாலும் கிருமி போய்ச் சேரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது அதைவிட மோசம். வலி போகும், ஆனால் படலம் ஆறாது. ஒரு நாள் கழிந்தும் குறையவில்லை, பார்வை மங்குகிறது, அல்லது ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் என்றால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் என்றால் கதிர் இல்லாமல் இரும்புத் துகள் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கான்டாக்ட் லென்ஸ் ஆர்க் வெளிச்சத்தில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று ரொம்ப காலமாக ஒரு கதை சுற்றுகிறது. அது வெறும் கதை.

இதே கதிர் தோலையும் சுடும். சட்டையின் மேல் பட்டனைத் திறந்து விட்டிருந்தால், அன்று மாலை கழுத்துக்குக் கீழே முக்கோண வடிவில் சிவந்திருக்கும். மெல்லிய துணிக்குள்ளும் கதிர் புகும். கெட்டியான பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பட்டன், தோல் கையுறை, தோல் ஏப்ரன். பாலியெஸ்டர், நைலான் கலந்த துணி கூடாது, அது பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேன்ட் பூட்ஸுக்கு மேலே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் பொறி நேராகப் பூட்ஸுக்குள் இறங்கும். மடித்து விட்ட கால், திறந்த சட்டைப் பை இரண்டும் பொறி பிடிக்கும் கிண்ணங்கள். பையில் கேஸ் லைட்டர் இருக்கவே கூடாது.

மின்சாரம்: மெஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வெல்டிங் மெஷினில் இரண்டு பக்கம் உண்டு. சுவர் பிளக்கிலிருந்து மெஷினுக்கு வருவது உயர்ந்த வோல்டேஜ், குறைந்த ஆம்பியர். மெஷினிலிருந்து ஹோல்டருக்குப் போவது குறைந்த வோல்டேஜ், நிறைய ஆம்பியர். ஆர்க் எரியும்போது ஹோல்டரில் இருப்பது 20 முதல் 30 வோல்ட்தான். இதைக் கேட்டு ‘முப்பது வோல்ட் என்ன செய்துவிடும்’ என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஆர்க் அணைந்திருக்கும்போது, அதாவது ராடு மாற்றும் நேரத்தில், அதே ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கிறது. வெல்டர் ராடை வெறுங்கையால் தொடுவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு சிறு கணக்கு. உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். வியர்வையில் நனைந்த உடம்பில் அது சுமார் 1000 ஓமுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். மாறுமின்னோட்டத்தில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கை தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். அதே மெஷின், அதே ஹோல்டர். உலர்ந்த நாளில் சுருக்கென்று குத்துகிறது, வியர்த்த நாளில் உயிரை எடுக்கிறது. வித்தியாசம் முழுவதும் உங்கள் தோலில் இருக்கிறது.

ஆகவே ஈரம்தான் எதிரி. ஓட்டையில்லாத உலர்ந்த கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, ஒன்று நனைந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். ராடு மாற்றும்போதும் கையுறையைக் கழற்றக் கூடாது. இரும்புச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்தோ படுத்தோ வேலை செய்ய வேண்டியிருந்தால், உடம்புக்கும் இரும்புக்கும் நடுவில் உலர்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ போட வேண்டும். தொட்டி, டேங்க் போன்ற இரும்புக் கூட்டுக்குள் வேலை செய்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை, வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. பழகுபவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

கெட்ட பழக்கங்கள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கை வேண்டுமென்று ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்வது ஒன்று. உடம்பிலேயே அதிகம் வியர்க்கும் இடம், இதயத்துக்கு மிக அருகில். இன்னொன்று, சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்கி எடுப்பது. ஹோல்டர் அடிக்கடி சூடாகிறது என்றால் கேபிள் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது அந்த ஹோல்டர் நீங்கள் வைக்கும் ஆம்பியருக்குச் சின்னது. அதைச் சரி செய்யாமல் தண்ணீர் காட்டக் கூடாது.

சுவர்ப் பக்கத்திலும் வேலை இருக்கிறது. மெஷினின் உடம்பு முறையாக எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். உள்ளே காப்பு பழுதாகி 230 அல்லது 415 வோல்ட் பெட்டியின் தகரத்துக்கு வந்துவிட்டால், அதைத் தொடுபவரைக் காப்பாற்றுவது அந்த எர்த் ஒயர் ஒன்றுதான். வேலைப் பொருளில் மாட்டும் கிளாம்பையும் பலர் எர்த் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பாதுகாப்புக்காக இல்லை. நூறு ஆம்பியர் மெஷினுக்குத் திரும்பிப் போகும் பாதை அது. அந்தக் கிளாம்ப் மாட்டியிருக்கிறது என்பதால் மெஷினின் எர்த் ஒயர் இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைப்பது பெரிய தப்பு.

கிளாம்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். தையல் போடும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, இறுகப் பிடிக்கும்படி மாட்ட வேண்டும். தூரத்தில் ஏதோ ஒரு கம்பியில் மாட்டிவிட்டால் மின்சாரம் தனக்கு வசதியான வழியைத் தேடிக்கொள்ளும். நடுவில் பேரிங் இருந்தால் அதன் குண்டுகளைச் சுட்டுக் குழி விழ வைக்கும். பொருளைத் தூக்கிப் பிடித்திருக்கும் செயின் அல்லது கம்பி வடம் வழியாகப் போனால் அதன் இழைகள் கருகிப் பலம் போகும். பக்கத்திலுள்ள கிரைண்டரின் எர்த் ஒயர் வழியாகத் திரும்பினால் அந்த மெல்லிய ஒயர் உருகும். உருகியது வெளியே தெரியாது. அடுத்து அந்த கிரைண்டரை எடுப்பவர், எர்த் இல்லாத கருவியைக் கையில் பிடித்திருப்பார்.

வேலை தொடங்கும் முன் கேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் உருவிப் பாருங்கள், மெஷினை அணைத்துவிட்டு. ரப்பர் வெடித்த இடம், செம்பு தெரியும் இடம், டேப் சுற்றிய இடம் எல்லாம் விரலில் தட்டுப்படும். கேபிளைத் தோளிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு வெல்டிங் செய்யக் கூடாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஆர்க் பக்கமே வரக் கூடாது. யாரையாவது கரன்ட் பிடித்துக்கொண்டால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், அதன் பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். பதற்றத்தில் முதலில் ஆளைப் பிடித்து இழுக்கத்தான் கை போகும். அதனால் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வேலைக்கு முன்பே உதவியாளருக்குக் காட்டி வைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

புகையில் என்ன இருக்கிறது

ராடின் மேலுள்ள மருந்துப் பூச்சும் உருகும் உலோகமும் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து, மிக நுண்ணிய துகளாக மாறுவதுதான் வெல்டிங் புகை. அந்தத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. மூக்கு முடியில் சிக்காது, நுரையீரலின் அடி வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

எந்த உலோகத்தில் வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்துப் புகையின் குணம் மாறும். சாதாரண இரும்பில் வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசும். மாங்கனீசு பல ஆண்டுகள் சேர்ந்தால் நரம்பைப் பாதிக்கும், கை நடுக்கம், நடையில் தடுமாற்றம் வரை கொண்டுபோகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆறிணைதிறக் குரோமியம் என்ற நச்சு வகைக் குரோமியமும் நிக்கலும் வருகின்றன. புற்றுநோய் விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

பழகுபவர்கள் சீக்கிரத்தில் மாட்டிக்கொள்வது ஜி.ஐ. பைப்பில். மேலே பூசிய துத்தநாகம் இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே, 907 டிகிரியிலேயே, கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்புகிறது. தையலைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலப் படிவதும் அதுதான். வேலை செய்யும்போது வாயில் லேசான இனிப்பு அல்லது உலோகச் சுவை தட்டலாம். சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஃப்ளூ காய்ச்சல் என்றே நினைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும், அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் இந்தப் புகையில் இருப்பவர்களுக்கு உடம்பு கொஞ்சம் பழகிப்போய்க் காய்ச்சல் வராமல் இருக்கும், விடுமுறை கழித்துத் திரும்பும் முதல் நாளில் மறுபடி வரும். பால் குடித்தால் துத்தநாகம் முறிந்துவிடும் என்பது உலகம் முழுக்க வெல்டர்கள் நம்பும் ஒன்று. பால் போவது வயிற்றுக்கு, துத்தநாகம் இருப்பது நுரையீரலில். செய்ய வேண்டியது, தையல் விழும் இடத்தில் இருபுறமும் ஓரிரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுவது. தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கும் மாஸ்க் வேண்டும்.

காட்மியம் பூசிய போல்ட், நட்டு வேறு கதை. அதன் புகை ஆளையே கொல்லும். அதுவும் முதலில் வெறும் சளிக் காய்ச்சல் போலத் தொடங்கி, பிறகுதான் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். பழைய போல்டில் பொன்மஞ்சள் நிறப் பூச்சு இருந்தால் அது துத்தநாகமாகவும் இருக்கலாம், காட்மியமாகவும் இருக்கலாம், கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. என்ன பூச்சு என்று தெரியாத பொருளில் ராடு வைக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எண்ணெய் பிசுக்கைப் போக்கச் சிலர் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்வார்கள். அந்த கிளீனரில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டு அதன் ஆவி பாஸ்ஜீன் என்ற வாயுவாக மாறலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. மூச்சில் போன பிறகு ஒரு நாள் வரைகூடப் பெரிய தொந்தரவு தெரியாமல் இருந்து, பின்னர் மூச்சுத் திணறலில் தள்ளும். டப்பாவின் மேல் ட்ரைக்ளோரோ, டெட்ராக்ளோரோ, பெர்க்ளோரோ, மெத்திலீன் குளோரைடு என்று எதைப் பார்த்தாலும் அதை வெல்டிங் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பிசுக்குக்கு அசிட்டோன் போதும். துடைத்த பின் நன்றாகக் காய விட்டு, துணியையும் டப்பாவையும் தூரமாக வைத்துவிட வேண்டும், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

புகையிலிருந்து தப்பிக்கச் செலவில்லாத வழி, தலையைத் தள்ளி வைப்பது. புகை நேராக மேலே எழும். புதியவர்கள் குட்டையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று அதற்கு நேர் மேலே குனிவார்கள், புகை முழுவதும் ஹெல்மெட்டுக்குள் ஏறும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குட்டை இன்னும் தெளிவாகவே தெரியும். காற்று உங்கள் பக்கவாட்டில் குறுக்கே போகும்படி நின்றுகொள்ளுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் உங்கள் மார்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகிப் புகையை முகத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். முகத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் பலன் எதுவும் கிடையாது. குறைந்தது என்95 தரத்து மாஸ்க், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதைவிட உயர்ந்த வடிகட்டி. ஆனால் இவை துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. மூடிய அறையில் ஆர்கான் அல்லது கார்பன் டை ஆக்சைடு விட்டு வேலை செய்தால் அந்த வாயு காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையிலும் குழியிலும் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆர்கானுக்கு மணமும் இல்லை, மூச்சு முட்டும் உணர்வும் இல்லை, ஆள் மயங்கி விழுந்துதான் தெரியும்.

கறுத்த இரும்பு, தெறிக்கும் ஸ்லாக்

இரும்பு சிவப்பாக இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். சிவப்பு போன பிறகும் அது 500 டிகிரியில் இருக்கலாம், பார்க்க ஆறிய இரும்பு மாதிரியேதான் இருக்கும். சாக்கட்டியால் ‘சூடு’ என்று எழுதி வைப்பது கேலிக்குரிய விஷயம் இல்லை. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், வேறு எதையும் பூச வேண்டாம்.

தையலின் மேல் உறைந்து நிற்கும் கசடான ஸ்லாக்கைத் தட்டும்போதுதான் ஹெல்மெட்டை மேலே தூக்கியிருப்போம். சூடான ஸ்லாக் துண்டு கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும், சில நேரம் தட்டாமலேயே ஆறும்போது தானாக வெடித்துத் தெறிக்கும். அதனால் ஹெல்மெட்டுக்குள்ளேயே நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். கிரைண்டருக்கும் அதே கண்ணாடி, மேலே முகக் கவசம். வீலை மூடும் தடுப்பான கார்டைக் கழற்றிய கிரைண்டரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும் வீல் உடைந்தால், அது பறக்கும் வேகத்தில் ஒதுங்க முடியாது.

தீ

1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், முனையத்துக்கு மேலே செல்லும் சாலையின் இணைப்புப் பகுதியில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. அதன் வெப்பம் அடியிலிருந்த கூரைக் காப்புப் பொருளைப் பற்ற வைத்தது. கூரைக்கும் உள்மேற்கூரைக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் புகைந்து, பிறகு ஒரேயடியாக முனையத்துக்குள் பரவியது. 17 பேர் இறந்தார்கள். வெல்டிங் நடந்தது திறந்த வெளியில், இறந்தவர்கள் இருந்தது கீழே கட்டடத்துக்குள். வெல்டிங்கால் வரும் தீயின் குணமே இதுதான். ராடு பிடித்த இடத்தில் அது பற்றுவதில்லை. சுவரின் மறுபக்கம், தரையின் விரிசலுக்குள், கீழ் மாடியில், பைப்பின் மறு முனையில் பற்றும். ஷீல்டுக்குள் இருக்கும் உங்களுக்கு விரல் நுனி அளவு வெளிச்சம்தான் தெரியும், காலருகே தீ எரிந்தாலும் தெரியாது.

பொறி 11 மீட்டர் தூரம் வரை போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் அட்டைப்பெட்டி, மரத்தூள், தின்னர், எண்ணெய்த் துணி, ஃபோம் எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததை வெல்டிங் போர்வையால் மூட வேண்டும், சாதாரணத் தார்ப்பாய் உதவாது. தரையில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் அடைக்க வேண்டும். சுவரை ஒட்டி வேலை என்றால் மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரும்பு சூட்டைக் கடத்தும், மறுபக்கத்தில் பொறியே விழாமலும் பற்றும்.

காலி டிரம், பழைய எரிபொருள் டேங்க், எண்ணெய் இருந்த பீப்பாய் ஆகியவற்றில் பழகுபவர் ராடு வைக்கவே கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், அது வெடிக்கத் தயாராக உள்ள கலவை. கழுவிவிட்டேன் என்பது போதாது, மடிப்பிலும் தையலிலும் ஒட்டியிருக்கும் துளி எண்ணெய் சூட்டில் ஆவியாகும். மூடிய பைப்பும் இப்படித்தான். இரு முனையும் அடைத்த பைப்புக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், நீராவியாகும்போது அது சுமார் 1700 மடங்கு விரியும். முதலில் ஒரு துளை போட்டுவிட்டுத்தான் ராடு வைக்க வேண்டும்.

கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பொடி வகையோ கார்பன் டை ஆக்சைடு வகையோ. கரன்ட் இருக்கும் மெஷினில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆர்க்கைப் பார்க்காமல் சுற்றுப்புறத்தை மட்டும் பார்க்க ஓர் ஆள் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

வேலை முடிந்ததும் ஹோல்டரில் ராடை விட்டுவைக்காதீர்கள், எதன் மேலாவது சாய்ந்தால் அங்கே ஒரு ஆர்க் கிளம்பும். துண்டு ராடுகளைத் தரையில் எறியாமல் தகர டப்பாவில் போட்டு, மெஷினை அணைத்து, மெயினையும் அணையுங்கள். அதன் பிறகும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. முன்பு அரை மணி நேரம் காவல் இருந்தால் போதும் என்றார்கள், இப்போது ஒரு மணி நேரம் என்று கூட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் மரத்தூளுக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் பொறி அத்தனை நேரம் கனன்றுகொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்லாக் தட்டலாம், கேபிள் சுருட்டலாம், இடத்தைப் பெருக்கலாம். நடு நடுவே கீழ்த்தளத்துக்கும் சுவரின் மறுபக்கத்துக்கும் போய், கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சுவருக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். புகை வாசனை வந்தால், எங்கிருந்து என்று தெரியாவிட்டாலும் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிடுங்கள்.